எச்ஓ ரயில் பெட்டிக்குள் எல்இடி விளக்கு

சென்னை ஐசிஎஃப் (ரயில் பெட்டித் தொழிற்சாலை) பெட்டியின் நீளம் 21.3 மீட்டர், எச்ஓ மாடல் ரயிலின் 1:87 அளவில் ஏறக்குறைய 245 மி.மீ. மீட்டருக்கு 60 எல்இடி கொண்ட 12 வோல்ட் ஸ்ட்ரிப்பை 50 மி.மீ.க்கு ஒருமுறைதான் வெட்டலாம். ஆகவே 200 மி.மீ. நீளத்துக்கு ஒரே துண்டாக வெட்டுங்கள்: நாலு பகுதி, 12 எல்இடி. மீதி இடத்தைக் கழிவறைப் பக்கம் விடுங்கள். அங்கே ஜன்னல் மங்கல் கண்ணாடி, அங்கே வைக்கும் கெபாசிட்டர் வெளியே தெரியாது.

பெட்டிக்கு ஒரு பிரிட்ஜ் ரெக்டிஃபயர் (ஏசியை டிசியாக மாற்றுவது), 1 கிலோ ஓம், 100 ஓம் ரெசிஸ்டர்கள், ஒரு 1என்4148 டயோடு, 470 மைக்ரோஃபாரட் 25 வோல்ட் கெபாசிட்டர், அச்சிலிருந்து மின்சாரம் எடுக்க 0.3 மி.மீ. பாஸ்பர் பிரான்ஸ் கம்பி வேண்டும். 16 வோல்ட் கெபாசிட்டர் வாங்காதீர்கள். டிசிசி (மாடல் ரயிலை டிஜிட்டல் சிக்னலால் இயக்கும் முறை) தண்டவாளத்தில் 14 முதல் 16 வோல்ட் வரை ஓடும்.

முதலில் சக்கரம். (போகி என்றால் இங்கே சக்கரங்களைத் தாங்கும் அடிச்சட்டம், பெட்டி அல்ல.) உலோகச் சக்கர ஜோடியில் ஒரு சக்கரம் மட்டும் அச்சிலிருந்து இன்சுலேட் செய்யப்பட்டிருக்கும். முன் போகியில் அந்தச் சக்கரங்கள் இரண்டும் இடப்பக்கம், பின் போகியில் வலப்பக்கம் இருக்கட்டும். ஓர் அச்சைத் திருப்பி மாட்டிவிட்டாலும் ஷார்ட் ஆகும். மல்டிமீட்டரில் பார்த்துவிட்டே தண்டவாளத்தில் வையுங்கள். கம்பி அச்சை மெல்ல உரசினால் போதும். அழுத்தினால் சக்கரம் சுழலாமல் இழுபடும். ஒயரைக் கம்பியோடு சால்டர் செய்த பிறகே போகியில் பொருத்துங்கள், இல்லையென்றால் பிளாஸ்டிக் உருகும். வளைவில் போகி திரும்ப ஒயர் தளர்வாக இருக்க வேண்டும்.

இரு போகி ஒயர்களும் ரெக்டிஃபயரின் ஏசி கால்களுக்கு. பிளஸ் காலிலிருந்து 1 கிலோ ஓம் வழியாக ஸ்ட்ரிப்பின் பிளஸ். மைனஸ் நேரே மைனஸுக்கு. அதே பிளஸ் காலிலிருந்து 100 ஓம் வழியாகக் கெபாசிட்டரின் பிளஸ், அதன் மைனஸ் மைனஸ் காலுக்கு. 100 ஓமுக்கு இணையாக டயோடு, கோடு போட்ட முனை ரெக்டிஃபயர் பக்கம். அழுக்குத் தண்டவாளத்தில் தொடர்பு விட்டுப்போனாலும் அரை நொடிபோல வெளிச்சம் தாங்கும். அந்த 100 ஓமை விட்டுவிட்டால், பத்துப் பெட்டிக் கெபாசிட்டரும் ஒரே நேரத்தில் சார்ஜ் ஆகும்போது பூஸ்டர் (தண்டவாளத்துக்கு மின்சாரம் தரும் டிசிசி கருவி) அதை ஷார்ட் என்று எடுத்துக்கொண்டு நின்றுவிடும்.

பலரும் தவறுவது வெளிச்சத்தில்தான். ஸ்ட்ரிப் முழு 12 வோல்ட்டில் பெட்டிக்கு 80 மில்லியாம்பியர் இழுக்கும், ஜன்னல் கண்ணைக் கூசும். 1 கிலோ ஓம் அதை ஏறக்குறைய 4 மில்லியாம்பியராகக் குறைக்கிறது. இருட்டறையில் பாருங்கள், இன்னும் கூசினால் 2.2 கிலோ ஓம் போடுங்கள். குண்டு பல்பு காலத்துப் பெட்டிக்கு 3000 கெல்வின் வார்ம் ஒயிட், டியூப்லைட் பெட்டிக்கு 4000 கெல்வின் சரியாக இருக்கும்.

கூரையை மூடுமுன் உட்பக்கம் கறுப்பு, அதன்மேல் வெள்ளை பெயின்ட் பூசுங்கள். பூசாவிட்டால் பிளாஸ்டிக் கூரையே ஒளிரும். ஜன்னல் அருகே சூப்பர் குளூ வேண்டாம், கண்ணாடியில் வெள்ளை படிந்துவிடும்.

வேகத்துக்கேற்ப வோல்ட் மாறும் சாதாரண டிசியில் ஓட்டுபவர்களுக்கு: 9, 10 வோல்ட் வரும்வரை விளக்கு எரியாது, ஸ்டேஷனில் நிற்கும் வண்டி இருட்டாகவே நிற்கும்.