பழைய டெஸ்ட் கருவியில் மெமரி பிழையா? சிப்பைக் கழற்றும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய பெஞ்ச் மல்டிமீட்டரோ ஆசிலோஸ்கோப்போ ஆன் ஆனதும் மெமரி பிழை காட்டினால், பலருக்கும் கை நேராக சிப்பின் மேல்தான் போகிறது. மற்ற தவறுகளில் பாதி இந்த அவசரத்தில்தான் பிறக்கின்றன. சிப் போனால் இன்னொன்று தேடி வாங்கலாம். அதற்குள் இருந்த கேலிபரேஷன் எண்கள் (அளவீட்டைத் திருத்தும் எண்கள்) போனால் எங்கும் வாங்க முடியாது.

முதலில் பழுது எந்த வகை மெமரியில் என்று பிரித்துப் பார்க்க வேண்டும். ஃபர்ம்வேர் (கருவியை ஓட்டும் நிரல்) இருக்கும் ராம் அல்லாத சிப்கள், அதாவது ஆலையிலேயே எழுதப்பட்ட மாஸ்க் ரோம், புற ஊதா ஒளியால் அழித்துத் திரும்ப எழுதக்கூடிய ஈப்ராம் போன்றவை, ஒரே பதிப்புள்ள எல்லாக் கருவிகளிலும் ஒன்றுதான். 2114, 4116 போன்ற வேலை ராமில் பவர் போனால் எதுவும் மிஞ்சாது. அதைத் தயங்காமல் மாற்றலாம். மூன்றாவது வகைதான் ஆபத்தானது: பேட்டரியின் துணையோடு கேலிபரேஷன் எண்களைக் காக்கும் சிப். அந்த எண்கள் அந்த ஒரு கருவியின் ரெசிஸ்டர்களுக்கும் ரெஃபரன்ஸுக்கும் உரியவை. அதே மாடலில் வேறொரு கருவியின் நகலைப் போட்டால் செக்சம் (தரவு சிதையவில்லை என்று சரிபார்க்கும் கூட்டுத்தொகை) சரியாக வந்து, பிழையே காட்டாமல் கருவி ஓடக்கூடும். காட்டும் அளவு மட்டும் தப்பாக இருக்கும். துல்லியத்துக்காக வைத்திருக்கும் கருவியில் இதைவிட மோசமான பழுது இல்லை.

சிப்பைச் சந்தேகிக்கும் முன் 5 வோல்ட் சப்ளையைப் பாருங்கள். 4.75க்கும் 5.25க்கும் இடையில் இருக்கிறதா என்று மீட்டரில் மட்டும் பார்த்தால் போதாது. பழைய கெப்பாசிட்டர்கள் காய்ந்திருந்தால் சராசரி சரியாக இருக்கும், ரிப்பிள் என்ற மின்னழுத்த அலைவு ஏறியிருக்கும்; அது ஸ்கோப்பில்தான் தெரியும். 4116, 2708 போன்ற சிப்களுக்கு +12, +5, −5 என மூன்று சப்ளை தேவை. இவற்றில் −5 காணாமல் போன நிலையில் தொடர்ந்து ஓட்டினால் நல்ல சிப்பும் கெட்டுப்போகும். அடுத்து சாக்கெட். அதன் பிறகு முகவரியைப் பிரிக்கும் 74எல்எஸ்138, பஸ்ஸில் நிற்கும் 74எல்எஸ்245. இவற்றில் ஒன்று கெட்டாலும் திரையில் வருவது அதே ரோம் பிழைதான். எச்பி 1977இல், சுற்றின் ஒரு முனையில் ஓடும் பிட்களை நான்கெழுத்துக் குறியாகச் சுருக்கிக் காட்டும் 5004ஏ சிக்னேச்சர் அனலைசரைக் கொண்டுவந்தது இப்படிப்பட்ட குழப்பத்தைத் தீர்க்கத்தான். அந்தக் காலத்துப் பல சர்வீஸ் மேனுவல்களில் ஒவ்வொரு முனைக்கும் வர வேண்டிய நான்கெழுத்துக் குறி அச்சிடப்பட்டிருக்கும். அந்தப் பக்கங்களைப் புரட்டாமலே சால்டரிங் அயர்னை எடுப்பவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும்.

பேட்டரி உள்ள சிப்களில் செய்யும் தவறுகள்

டல்லாஸ் செமிகண்டக்டரின் டிஎஸ்1220, டிஎஸ்1230 வகை சிப்களில் லித்தியம் செல் உள்ளேயே அடைக்கப்பட்டிருக்கும். பவர் இல்லாமல் குறைந்தது 10 ஆண்டுகள் தரவைக் காக்கும் என்பதே தயாரிப்பாளர் சொன்ன கணக்கு. எச்பி 3458ஏ மல்டிமீட்டரின் கேலிபரேஷன் எண்கள் இப்படியொரு டிஎஸ்1220இல்தான் இருக்கின்றன. சிப்பின் மேல் 9148 என்று தேதிக் குறி இருந்தால் அது 1991ஆம் ஆண்டின் 48ஆம் வாரம். ‘இன்றுவரை நன்றாகத்தானே ஓடுகிறது’ என்று விட்டுவைப்பது பெரிய தவறு. ஆன் செய்து வைத்திருக்கும் வரை செல் செத்திருப்பது தெரியாது. ஒருநாள் அணைத்துவிட்டுத் திரும்ப ஆன் செய்யும்போது எல்லாம் முடிந்திருக்கும்.

ஆகவே பழுது வரும்வரை காத்திருக்காமல் அந்த எண்களை இப்போதே படித்துக் கோப்பாக வையுங்கள். எச்பி 3478ஏ, 3458ஏ இரண்டிலும் கேலிபரேஷன் மெமரியை ஜிபிஐபி (கருவிகளைக் கணினியோடு இணைக்கும் போர்ட்) வழியாகவே கணினியில் இறக்க முடியும். மூடியைத் திறக்கவே வேண்டாம்.

சிப்பைக் கழற்றி புரோகிராமரில் (சிப்பைப் படிக்கவும் எழுதவும் உதவும் கருவி) வைத்துப் படிப்பதானால் கவனம் இரட்டிப்பாக வேண்டும். புரோகிராமரில் சிப்பைத் தானாக அடையாளம் காணும் வசதி இருந்தால் முதலில் அதை அணையுங்கள். ஈப்ராமின் அடையாளத்தைக் கேட்க அது ஏ9 காலில் 12 வோல்ட் அளவுக்கு ஏற்றும். பட்டியலில் பொதுவாக எஸ்ராம் (ஸ்டாடிக் ராம்) என்று தேர்ந்தெடுத்து டெஸ்ட் பொத்தானை அழுத்துவது இன்னும் கொடியது. ஏதோ ஒரு வடிவத்தை எழுதிப் படித்துப் பார்ப்பதுதான் அந்த டெஸ்ட். உங்கள் எண்கள் அதோடு அழிந்துவிடும். டிஎஸ்1220ஐ 2716 என்று சொல்லியும் படிக்கலாம், கால்கள் பொருந்தும். ஆனால் 2716இல் 25 வோல்ட் ஏறும் 21ஆம் கால்தான் இங்கே எழுதும் கட்டளைக் கால். கை தவறி ‘புரோகிராம்’ அழுத்தினால் சிப் அவ்வளவுதான்.

3478ஏ போல வெளியே தனி லித்தியம் செல் உள்ள கருவிகளில், செல்லை மாற்றும் நேரத்துக்கு 3 வோல்ட் வெளிச் சப்ளையை ஒரு டயோடு வழியாக இணையாகக் கொடுப்பது வழக்கம். அப்போது பவர் கார்டையும் ஜிபிஐபி கேபிளையும் கழற்றிவிட வேண்டும். அவை இருந்தால் போர்டின் கிரவுண்ட் எர்த்தோடு சேர்ந்திருக்கும். எர்த் ஆன அயர்ன் நுனி செல்லின் பிளஸ் முனையில் பட்ட கணமே ஷார்ட் ஆகித் தரவு போய்விடும்.

ஈப்ராம்களைப் படிக்கும்போது

ஒருமுறை படித்த கோப்பை நம்பக் கூடாது. பலமுறை படித்து ஒப்பிடுங்கள். கோப்பின் மேல் பாதியும் கீழ் பாதியும் அப்படியே ஒன்றாக இருந்தால், பெரும்பாலும் ஒரு முகவரிக் கால் சாக்கெட்டில் தொடவில்லை. வெள்ளிப் பூச்சுள்ள பழைய கால்கள் கறுத்திருக்கும். கத்தியால் சுரண்டினால் ஒடிந்துவிடும், பென்சில் அழிப்பானால் மெதுவாகத் தேய்த்தால் போதும்.

ஒவ்வொரு முறையும் வேறுவேறாகப் படித்தால் உடனே சிப்பைத் தூக்கி எறியாதீர்கள். சிப்பினுள் மின்னேற்றம் கசிந்த மெமரி செல், 0 காட்ட வேண்டிய இடத்தில் 1 காட்டும். சப்ளையை 4.5 வோல்ட்டுக்கோ இன்னும் சற்றுக் கீழேயோ இறக்கிப் படித்தால் அந்த 0 பலமுறை திரும்பக் கிடைக்கும்.

எண் ஒன்றுதானே என்று நம்புவதும் தவறு. இன்டெல் 2716க்கு ஒரே சப்ளை. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் டிஎம்எஸ்2716க்கு மூன்று. 2732க்கு எழுதும் மின்னழுத்தம் 25 வோல்ட், 2732ஏவுக்கு 21.

ஈப்ராமின் மேல், ஒளியால் அழிப்பதற்காக உள்ள கண்ணாடிச் சன்னலில் ஒட்டிய தாள் உரிந்திருந்தால் ஒளி புகாத லேபிளை உடனே ஒட்டுங்கள். நேர் வெயில் ஒரு வாரத்திலும், குழல் விளக்கு ஏறக்குறைய மூன்று ஆண்டுகளிலும் தரவை அழித்துவிடும் என்று இன்டெல் தன் தரவுத்தாள்களிலேயே எச்சரித்திருந்தது.

மாற்றாக எஃப்ராம் போடலாமா

செல்லே வேண்டாம் என்பதால் பலரும் எஃப்எம்1808 போன்ற எஃப்ராமை (மின்சாரம் இல்லாமலே தரவைக் காக்கும் ராம்) நாடுகிறார்கள். நல்ல யோசனைதான், ஆனால் எல்லாக் கருவிக்கும் பொருந்தாது. சிப் எனேபிள் (சிப்பை இயக்கத் தேர்ந்தெடுக்கும் கால்) கீழே இறங்கும் கணத்தில்தான் அது முகவரியைப் பிடித்துக்கொள்ளும். அந்தக் காலை நிரந்தரமாகக் கீழே கட்டிவைத்த போர்டில் அது வேலை செய்யாது. இன்னொன்று, டிஎஸ்1220ஒய் 4.5 வோல்ட்டுக்குக் கீழே போகும் வாக்கில் எழுதுவதைத் தானே தடுத்துவிடும். எஃப்எம்1808இல் அந்தக் காவல் இல்லை. கருவியை அணைக்கும்போது தடுமாறும் பிராசசர் குப்பையை எழுதிவிட வாய்ப்பு உண்டு. போர்டிலேயே ரீசெட் சுற்று சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பலமுறை அணைத்து ஆன் செய்து, மெமரியைத் திரும்பப் படித்து முதல் கோப்போடு ஒப்பிட்ட பிறகே மூடியை மாட்டுங்கள்.