வயிற்றில் பூச்சி இல்லை என்று முடிவு கட்டுவதற்கு முன்னால்

மலத்தில் புழு நெளியவில்லை, அதனால் நம் நாய்க்குப் பூச்சி இல்லை என்று நினைக்கிறோம் பாருங்கள், பாதிப் பிரச்சினை அங்கேதான் ஆரம்பிக்கிறது. கொக்கிப்புழு 1 முதல் 2 சென்டிமீட்டர் நீளம்தான். குடல் சுவரைக் கடித்துக்கொண்டு உள்ளேயே கிடக்கும். வெளியே வருவது அதன் முட்டைகள், அவை மைக்ராஸ்கோப்பில்தான் தெரியும்.

திருமங்கலம் பக்கம் எங்கள் பெரியப்பா தோட்டத்தில் சிப்பிப்பாறைப் பெட்டை ஒன்று ஐந்து குட்டி போட்டது. இரண்டு வாரம்கூட ஆகவில்லை, குட்டிகள் ஒவ்வொன்றாகச் சோர ஆரம்பித்தன, ஈறு வெள்ளைத்துணி மாதிரி வெளுத்துவிட்டது, மலம் கறுப்பாகத் தார் போலப் போனது. மலத்தை எடுத்துப்போய்ப் பார்த்தோம், முட்டை இல்லை என்று வந்தது. "தாய்க்குப் பால் பத்தலப்பா" என்றார் பெரியப்பா, நானும் நம்பினேன். இரண்டு குட்டிகள் போய்விட்டன.

அந்த ரிப்போர்ட் பொய்யில்லை, நாங்கள் அதைப் புரிந்துகொண்ட விதம்தான் தப்பு. கொக்கிப்புழுவின் இளம்புழு தாய்ப்பால் வழியாகவே குட்டிக்குள் போகும். அது வளர்ந்து முட்டையிட இரண்டு வாரத்துக்கு மேல் ஆகும், ஆனால் ரத்தம் உறிஞ்சுவதை அதற்கு முன்பே தொடங்கிவிடும். அதனால் பச்சிளம் குட்டி வெளுத்துக் கிடந்தால் ரிப்போர்ட்டுக்காகக் காத்திருக்காமல் ஈறைக் காட்டி உடனே வைத்தியம் கேளுங்கள். குட்டிக்கு இரண்டாவது வாரத்திலேயே பூச்சி மருந்து தொடங்குவதும், தாய்க்கும் சேர்த்துக் கொடுப்பதும் இதனால்தான். சாட்டைப்புழு இன்னும் மோசம், முட்டை தெரிய மூன்று மாதம் வரை ஆகலாம்.

அப்புறம் மலம் எடுக்கும் விதம். நேற்றுப் போனதை மண்ணோடு சுரண்டி, மிளகளவு எடுத்துத் தாளில் மடித்துக் கொண்டுவருகிறார்கள். மதுரை வெயிலில் கொக்கிப்புழு முட்டை ஒரு நாளிலேயே பொரிந்து புழுவாகிவிடும், மண்ணில் இருக்கும் சாதாரணப் புழுவும் அதில் ஏறிக்கொள்ளும், பார்ப்பவர் எதை எது என்று சொல்வார்? தெப்பக்குளம் பக்கம் நடக்கக் கூட்டிப்போனால் கையோடு ஒரு மூடி போட்ட டப்பா எடுத்துப்போங்கள். போனவுடன், மண் படாத மேல்பகுதியில் ஒரு டீஸ்பூன் அளவு எடுத்தால் போதும். அன்றே கொடுக்க முடியாவிட்டால் ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வையுங்கள், ஃப்ரீசரில் வேண்டாம்.

லேபில் துளி மலத்தைக் கண்ணாடியில் தேய்த்துப் பார்ப்பதோடு நிறுத்தினால் நிறைய தவறிப்போகும். துத்தநாக சல்பேட் அல்லது சர்க்கரைக் கரைசலில் கலக்கி, சுழற்றி, முட்டைகளை மேலே மிதக்கவிட்டுப் பார்க்கும் முறை இருக்கிறது, அதைக் கேட்டு வாங்குங்கள். ஜியார்டியா (குடலில் வாழும் ஒற்றைச் செல் ஒட்டுண்ணி, புழு இல்லை) சந்தேகம் என்றால் சர்க்கரைக் கரைசல் சரிப்படாது, அது சுருங்கி உருத்தெரியாமல் போகும். ஜியார்டியா தினமும் வெளியே வருவதுமில்லை, ஒருநாள் விட்டு ஒருநாள் என்று மூன்று முறை பார்த்த பிறகுதான் 'இல்லை' என்ற பேச்சு.

நாடாப்புழுவில் கதையே வேறு, அங்கே கண்தான் உதவும். ஆசனவாயைச் சுற்றி, படுக்கும் சாக்கில், அரிசி மணி போல ஒட்டியிருப்பது அதன் துண்டு. முட்டைகள் அந்தத் துண்டுக்குள்ளேயே அடைந்திருப்பதால் மிதக்கவிட்டாலும் பல நேரம் தெரியாது. அந்தத் துண்டையே எடுத்துப் போய்க் காட்டுங்கள். நாய்க்கும் பூனைக்கும் அதிகமாக வரும் வகை தெள்ளுப்பூச்சியை விழுங்குவதால் வருவது, அதனால் தெள்ளை ஒழிக்காமல் மருந்து மட்டும் கொடுத்தால் திரும்ப வரும். மருந்தும் வேறு, கொக்கிப்புழுவுக்குக் கொடுக்கும் பைரன்டெல் இதற்குக் கேட்காது, பிராசிகுவான்டெல் வேண்டும்.

இனிப்புத் தின்றதால் பூச்சி வந்தது என்பதில் உண்மையில்லை. பின்புறத்தைத் தரையில் தேய்த்தால் பூச்சிதான் என்பதும் சரியில்லை, பெரும்பாலும் ஆசனவாய்ச் சுரப்பி அடைத்திருக்கும்.

எதிர்த்திசையிலும் ஒரு தவறு உண்டு. ஆட்டுப் புழுக்கையையோ கோழி எச்சத்தையோ தின்ற நாயின் மலத்தில் அந்த ஆட்டின், கோழியின் ஒட்டுண்ணி முட்டைகள் அப்படியே வந்து விழும். நாய்க்கு அதனால் நோயில்லை. கிராமத்து நாய் என்றால் என்ன தின்றது என்பதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

பூனை வைத்திருப்பவர்கள் ஒன்று செய்யுங்கள். வெளியே போய்ப் புதைத்துவிட்டு வரும் பூனையின் மலம் கிடைக்கவே கிடைக்காது, இரண்டு நாள் வீட்டுக்குள் தட்டில் மணல் போட்டு வைத்து எடுங்கள். பல பூனை இருந்தால் தனித்தனியாக அடைத்து எடுக்க வேண்டும், இல்லையென்றால் யாருடைய மலத்துக்கு யாருக்கு மருந்து கொடுத்தோம் என்றே தெரியாது.