பழைய ஆர்எக்ஸ்-7 வாங்குபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

1978-இல் மாஸ்டா கொண்டுவந்த முதல் தலைமுறை ஆர்எக்ஸ்-7 ஸ்போர்ட்ஸ் கார் பற்றிப் பேச்சு வந்தாலே, 'அழகான வண்டிதான், ஆனால் எஞ்சின் தாங்காது' என்று யாராவது சொல்லிவிடுவார்கள். இது அந்த வண்டிக்குச் செய்யும் அநியாயம். அதிலிருக்கும் 12ஏ ரோட்டரி எஞ்சினை, அதாவது பிஸ்டன்களுக்குப் பதில் இரண்டு முக்கோண ரோட்டர்கள் சுழலும் எஞ்சினை, சாதாரண பிஸ்டன் எஞ்சின் போல நடத்தியதால்தான் பல வண்டிகள் வீணாகின.

ஆயிலையே எடுத்துக்கொள்ளுங்கள். ரோட்டரின் மூன்று முனைகளிலும் உள்ள சீல்கள் தேயாமல் இருக்க, ஒரு சின்ன பம்ப் எஞ்சின் ஆயிலைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே செலுத்தி எரிய விடுகிறது. அதனால் ஆயில் குறையத்தான் செய்யும். அடுத்த சர்வீஸில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடக்கூடாது. பெட்ரோல் போடும்போதெல்லாம் டிப்ஸ்டிக்கை இழுத்துப் பாருங்கள். அந்தப் பம்பைக் கழற்றிப் போட்டவர்கள் பெட்ரோலிலேயே டூ-ஸ்ட்ரோக் ஆயில் கலந்தாக வேண்டும்.

வண்டியை நாலடி நகர்த்த ஸ்டார்ட் செய்து, உடனே அணைப்பதும் ஆகாது. குளிர்ந்த எஞ்சினுக்குள் பெட்ரோல் தேங்கி, அடுத்த முறை ஸ்டார்ட் ஆகாமல் அடம்பிடிக்கும். நன்றாகச் சூடான பிறகு அணையுங்கள். இன்னொரு பக்கம், பழைய வண்டியாயிற்றே என்று எப்போதும் மெதுவாகவே ஓட்டினால் உள்ளே கரி படியும். சூடான எஞ்சினை அவ்வப்போது நன்றாக முறுக்கலாம். நிமிடத்துக்கு 7,000 சுற்றை நெருங்கும்போது வண்டியிலுள்ள பஸ்ஸரே எச்சரித்துவிடும்.

இந்த எஞ்சினுக்கு உண்மையான எமன் சூடுதான். மூன்று இரும்புப் பாகங்களுக்கு நடுவே இரண்டு அலுமினியக் கூடுகளை வைத்து, நீண்ட போல்ட்டுகளால் இறுக்கியிருக்கிறார்கள். இரும்பும் அலுமினியமும் ஒரே அளவில் விரிவதில்லை. போதாக்குறைக்கு, எரிதல் எப்போதும் ஒரு பக்கத்திலேயே நடப்பதால் அந்தப் பக்கம் கொதிக்கும், எதிர்ப்பக்கம் குளிர்ந்திருக்கும். ஒருமுறை ஓவர்ஹீட் ஆனாலே கூலன்ட் கசியாமல் தடுக்கும் சீல்கள் போய்விடலாம். வண்டி வாங்கிய கையோடு ரேடியேட்டர், தெர்மோஸ்டாட், ஹோஸ்களைக் கவனியுங்கள். பெயின்ட், வீல் எல்லாம் அப்புறம்.

வாங்கும்போது 'கம்பிரஷன் (எஞ்சினுக்குள் உருவாகும் அழுத்தம்) நன்றாக இருக்கிறது' என்ற வார்த்தையை நம்பிப் பணம் கொடுக்காதீர்கள். அதை அளக்கும் சாதாரண கேஜ், ரோட்டரின் மூன்று முகங்களில் சிறந்ததன் அளவை மட்டும் பிடித்து வைத்துக் காட்டும். செத்துப்போன முகம் மறைந்துவிடும். ஒவ்வொரு முகத்தையும் தனியாக அளக்கும் ரோட்டரி டெஸ்டர் கிடைக்காவிட்டால் ஒரு வழி உண்டு. எஞ்சின் சூடாக இருக்கும்போது பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டையில் கேஜை மாட்டி, அதன் வால்வை அழுத்திப் பிடித்தபடி ஸ்டார்ட்டரை ஓட்டச் சொல்லுங்கள். முள் ஒரே சீராகத் துள்ள வேண்டும். இரண்டு துள்ளல், ஒரு தயக்கம் என்று வந்தால் ஒரு சீல் போய்விட்டது. எஞ்சினைப் பிரித்துக் கட்டும் செலவையும் விலையில் கழித்துக்கொண்டு பேசுங்கள். இரண்டு ரோட்டர்களிலும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

துருவையும் பார்த்துவிடுங்கள்: பின்சக்கர வளைவுகள், கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் விளிம்பு, ஸ்டெப்னி கிடக்கும் குழி. கார்ப்பெட்டைத் தூக்கிக் காட்ட மாட்டேன் என்கிறாரா? வேறு வண்டி பாருங்கள்.