முதல் குட்டியை நம்பிவிடாதீர்கள்

"அண்ணா, எலிக்குட்டியின் காதுத் துண்டில் நாம் செய்த மரபணு மாற்றம் தெரிகிறது. நாளையே சோதனையைத் தொடங்கிவிடலாமா?" புதுச்சேரி கோரிமேட்டில் டீக்கடை வாசலில் ஓர் ஆய்வு மாணவர் கேட்டார். வேண்டவே வேண்டாம் என்றேன்.

மரபணு மாற்றிய சுண்டெலிகளை உருவாக்குவோர் செய்யும் தவறுகளில் பெரும் சேதம் விளைவிப்பது இந்த அவசரம்தான். கருவுற்ற முட்டைக்குள், டிஎன்ஏவைக் குறித்த இடத்தில் வெட்டும் கிரிஸ்பர் கருவியைச் செலுத்துகிறோம். அது வெட்டி முடிப்பதற்குள் முட்டை இரண்டாக, நான்காகப் பிரிந்துவிடலாம். பிறகு ஒரே குட்டியின் உடலில் செல்லுக்குச் செல் மாற்றம் வேறுபடும். காதில் இருப்பது விந்தணுவில் இருக்க வேண்டும் என்பதில்லை. முதல் தலைமுறையை மாற்றம் செய்யாத எலியோடு இணைசேர்த்து, அதன் குட்டிகளைச் சோதித்த பிறகே புது மரபுவழி என்று பெயர் சூட்டுங்கள். சுண்டெலியின் கர்ப்பகாலம் ஏறக்குறைய 20 நாள்தான், காத்திருக்கலாம். வேண்டாத இடங்களில் விழுந்த வெட்டுகளும் இப்படித் தலைமுறை தலைமுறையாகக் கழிந்துபோக வாய்ப்புண்டு.

நானே ஏமாந்த கதை ஒன்று உண்டு. டிஎன்ஏ துண்டுகளை அளவுவாரியாகப் பிரித்துக் காட்டும் ஜெல்லில் ஒரே பட்டை, எதிர்பார்த்த உயரத்தில், பளிச்சென்று. தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் வந்த மரபணுவின் இரண்டு பிரதிகளும் மாறிவிட்டன என்று குறிப்பேட்டில் எழுதினேன். உண்மையில் ஒரு பிரதியில் பெரிய துண்டு அறுந்து, சோதனையில் டிஎன்ஏவை நகலெடுக்கத் தொடங்கிவைக்கும் சிறு துண்டான பிரைமர் ஒட்ட வேண்டிய இடமே காணாமல் போயிருந்தது. பட்டையே தராத பிரதியை நான் எப்படிப் பார்த்திருப்பேன்? பேரக்குட்டிகளின் கணக்கு உதைத்தபோதுதான் புரிந்தது. அதற்குள் எத்தனை எலிகளின் உயிர் வீணாகிவிட்டது! வெட்டிய இடத்திலிருந்து இருபுறமும் சில ஆயிரம் டிஎன்ஏ எழுத்துகள் தள்ளியும் ஒரு ஜோடி பிரைமர் வையுங்கள். வரிசையையும் முழுதாகப் படியுங்கள்.

இனப்பெயரை அரைகுறையாக எழுதுவதும் தவறு. ஆய்வகச் சுண்டெலி இனமான சி57பிஎல்/6 என்று மட்டும் எழுதினால் போதாது. அதன் 'ஜெ' (J) வகையில் என்என்டி என்ற மரபணு பழுதானது. 'என்' (N) வகையில் விழித்திரையைக் கெடுக்கும் ஆர்டி8 மாற்றம் இருக்கிறது. ஒப்பீட்டுக்கு வெளியிலிருந்து வாங்கிய எலி வேண்டாம், உடன்பிறந்த மாறாத குட்டிகளையே எடுங்கள்.

கடைசியாக, நம் கடற்கரைக்கென்றே ஒன்று. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தபோது பல பகுதிகளில் நாட்கணக்கில் மின்சாரம் இல்லை. ஒரு மரபுவழி முழுவதையும் ஒரே அறையின் கூண்டுகளில் வைத்திருக்காதீர்கள். விந்தணுவைத் திரவ நைட்ரஜனில் உறையவைத்து ஒரு பங்கை வேறு ஊருக்கு அனுப்பிவிடுங்கள், ஐப்பசி பிறப்பதற்குள்.