கடற்கரை வீட்டுக்குப் புதுக் கூரை போடத் திட்டமிடுவது எப்படி?

என் தங்கையைக் கடலூரில் தேவனாம்பட்டினம் பக்கம் கட்டிக்கொடுத்திருக்கிறோம். நாங்கள் இருப்பது தர்மபுரி மாவட்டம் அரூர். 2019-ல் அவள் வீட்டு முன்வாசலுக்கு ஒரு ஷீட் கொட்டகை கேட்டாள். எங்கள் ஊர்ப் பட்டறையிலேயே சட்டம் அடித்து, வண்டியில் ஏற்றி, திருவண்ணாமலை, விழுப்புரம் வழியாகக் கொண்டுபோய் மாட்டிவிட்டு வந்தேன். அதே பைப், அதே ஷீட், அதே ரெட் ஆக்சைடு பெயின்ட் போட்ட கொட்டகை என் வீட்டு மாடியில் இன்றைக்கும் நன்றாகத்தான் நிற்கிறது. அங்கே மூன்றாவது வருடமே போன் வந்தது. “அண்ணா, ஸ்க்ரூவைச் சுத்தி எல்லாம் பழுப்பாயிடுச்சு. பைப்பைத் தொட்டா உதிருது.”

பட்டறைக்காரர் மேல் தவறில்லை. அரூருக்குச் சரியான கூரையைக் கடலுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தது நான். பிறகு அந்த வீட்டின் பழைய சீமை ஓட்டுக் கூரையையே மாற்ற வேண்டி வந்தபோது, ஷீட் வாங்கப் போவதற்கு முன் நான்கு மாதம் உட்கார்ந்து திட்டம் போட்டோம். தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து கடலோரத்தில் வீடு வைத்திருப்பவர்களுக்கும், முதல் முறையாகக் கூரை போடுபவர்களுக்கும் அந்தப் படிகளை எழுதுகிறேன்.

முதல் படி: காற்றின் கணக்கைப் புரிந்துகொள்ளுங்கள்

நம் பக்கம் கூரை என்றால் வெயிலைத்தான் நினைப்போம். கடலோரத்தில் காற்றை நினைக்க வேண்டும். அந்தக் காற்று கூரையை அமுக்குவதைவிடத் தூக்குவதுதான் அதிகம். சரிவின் மேல் வேகமாக ஓடும் காற்று ஷீட்டை மேலே உறிஞ்சும். ஒரு ஜன்னல் உடைந்து காற்று உள்ளேயும் புகுந்துவிட்டால் கீழேயிருந்தும் தள்ளும்.

இந்தியத் தர விதியான ஐஎஸ் 875, மூன்றாம் பாகம், ஊர் வாரியாக அடிப்படைக் காற்று வேகத்தைத் தருகிறது. பெங்களூருக்கு வினாடிக்கு 33 மீட்டர். கோவைக்கும் மதுரைக்கும் 39. சென்னைக்கும் புதுச்சேரிக்கும் 50. அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். 33-க்கும் 50-க்கும் ஒன்றரை மடங்குதானே என்று தோன்றும். ஆனால் வேகம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்காகும். அந்தக் கணக்குப்படி பெங்களூரில் கூரை தாங்க வேண்டியதைப் போல 2.3 மடங்கு விசையைப் புதுச்சேரியில் தாங்க வேண்டும்.

வினாடிக்கு 50 மீட்டர் வேகத்தில் காற்றின் விசை ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ. அரை மில்லிமீட்டர் இரும்பு ஷீட் ஒரு சதுர மீட்டருக்கு ஐந்து கிலோகூட முழுசாக வராது. முனைகளிலும் ஓரங்களிலும் இழுவை இன்னும் அதிகம். இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த அன்றுதான், ஷீட்டின் நிறத்தைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டு ஸ்க்ரூவைப் பற்றிப் பேச ஆரம்பித்தேன்.

தானே புயல் 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரை கடந்தது. பண்ருட்டிப் பக்கத்துப் பலா மரங்களும் முந்திரித் தோப்புகளும் சாய்ந்தது அந்தக் காற்றில்தான். இன்னொன்று, புயல் கரை கடக்கும்போது காற்றின் திசை மாறும். கடல் பார்த்த பக்கத்தை மட்டும் பலப்படுத்திவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது.

இரண்டாம் படி: கூரையைப் பார்க்கும் முன் சுவரைப் பாருங்கள்

தங்கை வீட்டுச் சுவர் பழைய செங்கல் சுவர், மண் சாந்து. அதன் மேல் ஐந்து அங்குலக் கான்கிரீட் தளம் போட்டால் ஒரு சதுர மீட்டருக்கு 300 கிலோ எடை ஏறும். காற்று தூக்காது, அது உண்மை. கடலோரத்தில் கான்கிரீட் தளத்தைப் பலர் விரும்புவதற்கு அந்த எடையே நல்ல காரணம். ஆனால் அந்தச் சுவர் அதைத் தாங்காது. அதனால் இலேசான சட்டமும் ஷீட்டும் என்று முடிவு செய்தோம். உங்கள் சுவர் நல்ல சிமென்ட் கட்டாகவும் அஸ்திவாரம் உறுதியாகவும் இருந்தால் கான்கிரீட்டை முதலில் யோசியுங்கள்.

கான்கிரீட் என்றால் ஒரு எச்சரிக்கை. நம் ஊரில் தளத்துக்குள் கம்பிக்குக் கீழே 20 மில்லிமீட்டர் கவர் (கம்பியை மூடும் கான்கிரீட்டின் கனம்) விட்டால் போதும் என்று மேஸ்திரி சொல்வார். கடலோரக் காற்று நேராகப் படும் கான்கிரீட்டுக்கு கான்கிரீட் தர விதியான ஐஎஸ் 456 கேட்பது 45 மில்லிமீட்டர் கவர், குறைந்தது எம்30 என்ற வலிமைத் தரத்தில் கலவை, தண்ணீர்-சிமென்ட் விகிதம் 0.45-க்கு மேல் போகாமல். உப்பு உள்ளே இறங்கிக் கம்பி துருப்பிடித்தால் துரு ஊதிப் பெருத்து, கான்கிரீட்டைப் பாளம் பாளமாகத் தள்ளிவிடும். உப்புக் கிணற்றுத் தண்ணீரில் கலவை போடவோ, கடற்கரை மணலைக் கலக்கவோ யாரையும் விடாதீர்கள்.

உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டருக்குள் வீடு இருந்தால் கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகள் பொருந்தலாம். வேலைக்கு முன்பே உள்ளாட்சி அலுவலகத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் படி: வடிவமும் அளவும்

இரண்டு பக்கச் சரிவைவிட நான்கு பக்கச் சரிவு புயலுக்கு நல்லது. முக்கோணச் சுவர் எந்தப் பக்கமும் காற்றுக்கு நேராக நிற்காது. சரிவு மிகத் தட்டையாக இருந்தால் உறிஞ்சல் அதிகம். 25 பாகையை ஒட்டி வையுங்கள். சுவருக்கு வெளியே நீட்டும் தாழ்வாரம் ஒன்றரை அடிக்கு மேல் வேண்டாம். நிழலுக்காக மூன்றடி நீட்டுவது நம் ஊர்ப் பழக்கம். அங்கே அந்த நீட்டல்தான் காற்றுக்குக் கைப்பிடி. நிழல் வேண்டுமானால் தனிக் கால் ஊன்றி, தனிச் சட்டத்தில் கொட்டகை போடுங்கள். அது போனாலும் வீட்டுக் கூரை நிற்கும்.

எங்கள் கணக்கு இது. வீடு 30-க்கு 20 அடி. நாலு பக்கமும் ஒன்றரை அடி நீட்டினால் தரையளவில் 33-க்கு 23, அதாவது 759 சதுர அடி. 25 பாகைச் சரிவுக்கு இதை 0.906-ஆல் வகுக்க வேண்டும். 838 சதுர அடி வரும், சுமார் 78 சதுர மீட்டர். சுவர் மட்டத்திலிருந்து முகடு ஏறக்குறைய 4 அடி 8 அங்குலம் உயரும். இரண்டு சரிவானாலும் நான்கு சரிவானாலும் பரப்பு ஒன்றுதான். நான்கு சரிவில் மூலைக்கு வெட்டும்போது ஷீட் கொஞ்சம் கழிவாகும், அவ்வளவுதான். அந்தக் கழிவுக்காகப் புயலுக்கு ஏற்ற வடிவத்தை விட்டுவிடாதீர்கள்.

நான்காம் படி: ஸ்க்ரூவிலிருந்து அஸ்திவாரம் வரை விரல் வைத்துப் பாருங்கள்

இதுதான் மொத்தத் திட்டத்தின் உயிர். ஒரு தாளில் கூரையின் குறுக்குவெட்டை வரைந்துகொள்ளுங்கள். காற்று ஷீட்டை இழுக்கிறது. ஷீட்டை ஸ்க்ரூ பிடிக்கிறது. ஸ்க்ரூவைப் பர்லின் (ஷீட்டுக்கு அடியில் குறுக்கே ஓடும் பைப்), பர்லினை டிரஸ் (கூரையைத் தாங்கும் முக்கோணச் சட்டம்), டிரஸ்ஸை ஆங்கர் போல்ட் (சுவரில் நட்ட போல்ட்), போல்ட்டை எது பிடிக்கிறது? எங்கள் முதல் வரைபடத்தில் அந்த இடத்தில் வெறும் மண் சாந்துச் செங்கல் இருந்தது. மாப்பிள்ளைதான் கேட்டார்: “மச்சான், போல்ட்டோட சேத்து நாலு வரி செங்கல்லையும் தூக்கிட்டுப் போயிடாதா?” சரியான கேள்வி.

அதற்கான வழி, சுவரின் தலையில் நான்கு பக்கமும் சுற்றி வரும் கான்கிரீட் பீம். ஆங்கர் போல்ட்டை அந்தப் பீமின் கம்பிக்குள் கோத்து, கான்கிரீட் போடும்போதே நட்டுவிட வேண்டும். மூலைகளில் கீழிருந்து நிற்கும் கம்பி இந்தப் பீமோடு சேர வேண்டும். பழைய சுவரில் இதைச் செய்ய, மூலைகளில் குழி எடுத்து அஸ்திவாரத்திலிருந்து சிறு தூண்கள் எழுப்பினோம். செலவு கூடியது. கூரைக்கென்று வைத்த பணத்தில் ஒரு பெரிய பங்கு கூரைக்குக் கீழேதான் போனது. பீம், டிரஸ் அளவுகளை மட்டும் ஊகித்துப் போடாதீர்கள். ஒரு கட்டுமானப் பொறியாளர் வரைந்து கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும்.

பர்லின் இடைவெளி அரூரில் நான்கரை அடி வைத்தோம். அங்கே மூன்றடி, ஓரங்களில் அதைவிட நெருக்கம். தாழ்வார ஓரம், முகடு, மூலை வரிகளில் ஷீட்டின் ஒவ்வொரு மேட்டிலும் ஸ்க்ரூ. நடுவில் ஒன்று விட்டு ஒன்று.

ஐந்தாம் படி: உப்புக்குத் தாங்கும் பொருள்

சட்டத்துக்குத் துத்தநாகப் பூச்சில்லாத கறுப்பு எம்எஸ் இரும்புப் பைப்பும் ஒரு கோட் ரெட் ஆக்சைடும் வேண்டவே வேண்டாம். துத்தநாகம் பூசிய ஜிஐ பைப் வாங்கி வெல்டிங் வைத்தாலும் வெல்டிங் பட்ட இடத்தில் துத்தநாகம் எரிந்துபோகும், துரு அங்கேதான் தொடங்கும். நாங்கள் செய்தது ஹாட் டிப். டிரஸ்ஸைத் துண்டுகளாக வெல்டிங் முடித்து, சுமார் 450 டிகிரியில் உருகிய துத்தநாகத் தொட்டியில் முழுசாக முக்கி எடுப்பது. பைப்புக்குள்ளும் துத்தநாகம் பூசிக்கொள்ளும். அதற்குப் பைப்பில் துளைகள் விட வேண்டும். மூடிய பைப்பைத் தொட்டியில் இறக்கினால் உள்ளிருக்கும் காற்றும் ஈரமும் விரிந்து வெடித்துவிடும் ஆபத்து உண்டு. பிறகு கடலூரில் ஒரு இடத்தில்கூட வெல்டிங் இல்லை, எல்லாம் போல்ட். இந்த ஒன்றை மட்டும் 2019-ல் அறிந்திருந்தால் அந்தக் கொட்டகை இன்னும் நின்றிருக்கும்.

ஷீட் வாங்கும்போது மூன்று கேள்விகள் கேளுங்கள். அரை மில்லிமீட்டர் என்பது பெயின்ட்டும் பூச்சும் சேர்த்தா, வெறும் இரும்பா? பூச்சு ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை கிராம்? ஜிஐ ஷீட்டில் 120 என்றும் 275 என்றும் வருவது இரண்டு பக்கமும் சேர்த்த துத்தநாக எடை. அலுமினியம்-துத்தநாகக் கலவைப் பூச்சில் 150 கிராம் கேளுங்கள். மூன்றாவது, வாரன்ட்டித் தாளில் கடலிலிருந்து எவ்வளவு தூரம் என்று நிபந்தனை இருக்கிறதா? வாயால் சொல்வதை விட்டுவிட்டுத் தாளை வாங்கிப் படியுங்கள்.

நாங்கள் எடுத்தது அலுமினிய ஷீட். விலை அதிகம், ஆனால் சிவப்புத் துரு என்ற பேச்சே இல்லை. அதற்கும் பத்தியம் உண்டு. இரும்பு நேராகப் படக் கூடாது, நடுவே ரப்பர் பட்டை வேண்டும். ஈரச் சிமென்ட் பட்டால் அரிக்கும். ஏசியின் தாமிரக் குழாயிலிருந்து சொட்டும் தண்ணீர் விழுந்தால் ஓட்டை போட்டுவிடும். ஸ்க்ரூ துருப்பிடிக்காத எஃகு, அதிலும் 316 ரகம், இபிடிஎம் ரப்பர் வாஷரோடு. இரும்பு ஷீட் போடுபவர்கள் அந்த ஷீட் கம்பெனி சொல்லும் ஸ்க்ரூவையே வாங்குங்கள். பூச்சு போட்ட ஷீட்டைக் கிரைண்டரில் வெட்ட விடாதீர்கள். சூட்டில் பூச்சு கருகும், தெறிக்கும் பொறி ஒவ்வொன்றும் ஒரு துருப்புள்ளி ஆகும். வேலை முடிந்த அன்றே துளை போட்ட இரும்புத் தூளைக் கூட்டி எடுத்துவிடுங்கள்.

பழைய கூரை கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) ஷீட்டாக இருந்தால் உடைக்காமல், நனைத்து, முகக்கவசம் போட்டு முழுசாக இறக்க வேண்டும். அந்தத் தூசி நுரையீரலுக்குக் கேடு.

ஆறாம் படி: தண்ணீர்

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. அதன் மழை நம் பக்கம் வந்து, ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் கொட்டியது. அதே மழை தங்கை வீட்டின் 759 சதுர அடியில் விழுந்தால் எவ்வளவு என்று கணக்குப் போட்டேன். 35,000 லிட்டர். கூரை ஓரத்தில் தண்ணீர் வடியும் வாட்டர் கட்டரையும் இறக்கு பைப்பையும் அந்த எண்ணை மனசில் வைத்து அகலமாக வைத்தோம். புயல் மழை சாய்ந்து அடிக்கும், அதனால் முகட்டுத் தகட்டுக்கு அடியில் ஃபோம் அடைப்பு வையுங்கள். ஷீட் ஒன்றன் மேல் ஒன்று ஏறும் இடத்தில் நீளவாக்கில் குறைந்தது ஆறு அங்குலம் விடுங்கள்.

ஏழாம் படி: நாள் குறிப்பது

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். அதற்கு முன் கூரை மூடியிருக்க வேண்டும். நாங்கள் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான மீன்பிடித் தடைக்காலத்தில் வேலை வைத்தோம். அக்கம்பக்கத்தில் எல்லோரும் கரையில் இருந்தார்கள், டிரஸ் ஏற்றும் அன்று கை கொடுக்க ஆள் கிடைத்தது. ஓட்டைப் பிரிப்பதும் மூடுவதும் ஒரே வாரத்துக்குள் வரும்படி, டிரஸ், ஷீட், ஸ்க்ரூ எல்லாம் வந்து இறங்கிய பிறகே பிரிக்க ஆரம்பியுங்கள்.

ஜன்னல் கதவுகளின் கொண்டியையும் இந்த வேலையோடு சேர்த்து மாற்றிவிடுங்கள். முதல் படியில் சொன்னதுபோல, ஜன்னல் திறந்துகொண்டால் கூரைக்குத்தான் ஆபத்து.

எட்டாம் படி: கழுவுவது

மழை படும் இடத்தில் உப்பு தானாகக் கழுவப்பட்டுவிடும். தாழ்வாரத்தின் அடிப்பக்கம், டிரஸ்ஸின் வெளி முனை, கட்டருக்குப் பின்புறம், இங்கெல்லாம் மழை படாது, உப்பு சேர்ந்துகொண்டே இருக்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை நல்ல தண்ணீரைக் குழாயில் பீய்ச்சிக் கழுவ வேண்டும். செப்டம்பரில் ஓர வரி ஸ்க்ரூக்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, வாஷர் வெடித்திருந்தால் மாற்ற வேண்டும். அதற்காகவே ஐம்பது ஸ்க்ரூவும் அதற்கேற்ற பிட்டும் ஒரு டப்பாவில் போட்டுத் தங்கையிடம் கொடுத்துவிட்டு வந்தேன். போன செப்டம்பரில் எண்ணிச் சொன்னாள்: “நாலு மாத்தினோம்ணா, மீதி நாப்பத்தாறு இருக்கு.”