நியூயார்க்கின் பழைய வாடகைக் கட்டடம் ஒன்றின் வரலாற்றைத் தேடிப் படிப்பது எப்படி?

அமெரிக்க நகரங்களின் வீட்டு வரலாற்றைப் படிக்கப் புகுவோரில் பலர், கடன் கொடுக்க எந்தப் பகுதி ஏற்றது என்று நிறங்களால் தரம் பிரித்த 1930களின் வண்ண வரைபடங்களிலிருந்தே தொடங்குகிறார்கள். அப்படித் தொடங்கினால், கடன் கொடுப்போர் ஒரு தெருவைப் பற்றி வைத்திருந்த கருத்தையே அத்தெருவின் வரலாறு என்று எண்ணிவிட நேரும். ஆகவே முதலில் ஒரே ஒரு கட்டடத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.

மன்ஹாட்டனின் ஆர்ச்சர்ட் தெருவில் உள்ள 97ஆம் எண் கட்டடம் பழகுவதற்கு ஏற்றது. இப்போது அது அருங்காட்சியகம். ஜெர்மனியிலிருந்து குடியேறிய தையற்காரர் லூகாஸ் கிளாக்னர் 1863இல் கட்டியது அது. மேல்மாடிகளில் தளத்துக்கு நான்கு குடித்தனங்கள். ஒவ்வொன்றும் மூன்று அறைகளுடன் ஏறத்தாழ 325 சதுர அடி. இந்த அளவை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். பின்னர் ஏட்டில் ஒரு குடித்தனத்தில் எத்தனை பேரைக் கண்டாலும், அவர்கள் எல்லாரும் இதற்குள்தான் அடங்கியிருக்க வேண்டும்.

அடுத்து மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஏடுகளுக்குச் செல்லுங்கள். 72 ஆண்டுகள் கழிந்த பிறகே அவை பொதுப் பார்வைக்கு வருவதால், இன்று 1950 வரை பார்க்கலாம். 1890இன் ஏடுகள் பெரும்பாலும் ஒரு தீ விபத்திலும் அதன் பின்விளைவுகளிலும் அழிந்துவிட்டன. பெயரைக் கொண்டு தேடாதீர்கள், எழுத்துப்பிழைகள் ஏராளம். முகவரி எந்தக் கணக்கெடுப்பு வட்டத்தில் வருகிறது என்று கண்டுபிடித்து, ஏட்டின் இடது ஓரத்தில் செங்குத்தாக எழுதப்பட்டிருக்கும் தெருப்பெயரைப் பிடித்துக்கொண்டு கீழிறங்குங்கள். 1910ஆம் ஆண்டு ஏட்டில் பிறந்த நாட்டுக்கான கட்டத்தில் 'ரஷ்யா' என்பதன் அருகே 'யிட்டிஷ்' (கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் மொழி) என்று நெருக்கி எழுதியிருப்பதைக் காண்பீர்கள். படிவம் அச்சான பிறகே தாய்மொழியையும் கேட்க வேண்டும் என்று முடிவானதால் அதற்குத் தனிக் கட்டம் இல்லை. குடும்பத் தலைவரோடு உள்ள உறவைக் கூறும் கட்டத்தை மட்டும் அவசரப்படாமல் படியுங்கள். அங்கே 'உள்வாடகைக்காரர்' என்ற குறிப்பு இருந்தால், வாடகையில் ஒரு பங்கு அவரிடமிருந்து வந்திருக்கக்கூடும். குடும்ப வருமானத்தைத் தொழிலை மட்டும் பார்த்துக் கணக்கிடுவோர் தவறுவது இங்கேதான். 1930ஆம் ஆண்டு ஏட்டில் மாத வாடகைத் தொகையே கிடைக்கிறது.

பிறகு சட்டங்களை அருகே வைத்துப் பாருங்கள். நியூயார்க்கின் 1901ஆம் ஆண்டு வாடகைக் கட்டடச் சட்டம் புதிய கட்டடங்களில் ஒவ்வொரு குடித்தனத்துக்கும் தனிக் கழிப்பறை வேண்டும் என்றது. பழையவற்றிலும் சில மாற்றங்களைக் கட்டாயமாக்கியது. 1924ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டம் தென், கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வருவோரைப் பெரிதும் குறைத்தது. 1910இல் ஏறத்தாழ 23.3 லட்சமாக இருந்த மன்ஹாட்டன் மக்கள்தொகை, 1930இல் 18.7 லட்சமாகிவிட்டது, சுரங்க ரயில் வழியாக நகரின் பிற பகுதிகளான பிராங்க்ஸுக்கும் புரூக்ளினுக்கும் சென்றவர்களும் இதற்குக் காரணம். ஆளும் குறைந்து, சட்டம் கேட்கும் செலவும் ஏறிய நிலையில், 97ஆம் எண்ணின் உரிமையாளர் 1935இல் மேல்மாடிக் குடித்தனங்களைக் காலி செய்துவிட்டுக் கீழ்த்தளக் கடைகளை மட்டும் வைத்துக்கொண்டார்.

வண்ண வரைபடத்தைக் கடைசியில் எடுங்கள். 1933இல் தொடங்கிய அமெரிக்க அரசின் வீட்டு உரிமையாளர் கடன் கழகம் பகுதிகளைப் பச்சை, நீலம், மஞ்சள், சிவப்பு எனத் தரம் பிரித்தது. ஒவ்வொரு பகுதிக்கும் தனி விவரப் படிவம் உண்டு; அதில் வெளிநாட்டில் பிறந்தோர் எத்தனை விழுக்காடு, எந்த நாட்டவர், கறுப்பினத்தவர் எத்தனை விழுக்காடு என்றெல்லாம் கேட்கப்பட்டிருக்கும். அந்த வரிகளை 1930ஆம் ஆண்டு ஏட்டில் நீங்கள் எண்ணிய குடித்தனங்களோடு ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி ஒப்பிடுங்கள்.