“வாட் ப்ராப்ளம்?”: பையர் முன்னால் இங்கிலீஷின் அ, அன், த (a, an, the)

2011-ல் திருப்பூரில் நான் வேலை பார்த்த பனியன் ஏற்றுமதிக் கம்பெனிக்கு நெதர்லாந்திலிருந்து ஒரு பையர் அம்மா, அதாவது எங்களிடம் சரக்கு வாங்குகிறவர், வந்திருந்தார். பிரசன்டேஷன் என் தலையில் விழுந்தது. மொத்தம் எட்டு ஸ்லைடு. மூன்றாவது ஸ்லைடில் ‘த ஷேடு ப்ராப்ளம் இஸ் சால்வ்ட்’ என்று தைரியமாகச் சொன்னேன். அந்த அம்மா பேனாவைக் கீழே வைத்தார். “வாட் ப்ராப்ளம்?” என்றார். அப்புறம் பக்கத்தில் இருந்த உதவியாளரிடம் திரும்பி, மெயில் ஏதாவது வந்ததா, நான்தான் பார்க்காமல் விட்டேனா என்று விசாரிக்க ஆரம்பித்துவிட்டார்.

மெயில் எதுவும் போகவில்லை. நேவி ப்ளூ துணி, லேப் டிப்புக்கும் (முதலில் சாயம் போட்டுக் காட்டுகிற சின்னத் துண்டு) பல்க்குக்கும் (மொத்தத் துணி) ஷேடு, அதாவது நிறம், மாறி வந்ததும், டையிங்கில் திரும்பப் போட்டுச் சரி செய்ததும் எங்களுக்குள்ளேயே முடிந்த கதை. ‘வீ ஹேட் அ ஷேடு ப்ராப்ளம். இட் இஸ் சால்வ்ட் நவ்’ என்று சொல்லியிருந்தாலும் விஷயம் வெளியே வந்திருக்கும்தான். ஆனால் இப்போதுதான் புதிதாகச் சொல்கிறேன் என்று அவருக்குப் புரிந்திருக்கும். ‘த’ போட்டதால் ‘உங்களுக்குத்தான் தெரியுமே, அந்தப் பிரச்சினை’ என்று ஆகிவிட்டது. தெரியாத மனுஷி பதறாமல் என்ன செய்வார்?

அன்றைக்குப் புரிந்ததைத்தான் இப்போது சனிக்கிழமைகளில் எங்கள் ஜூனியர் மெர்ச்சண்டைசர்களுக்கு (பையரிடம் பேசி ஆர்டரைக் கவனிக்கிற பிள்ளைகள்) சொல்லிக்கொண்டிருக்கிறேன். அ போடுவதா, த போடுவதா என்பது எனக்கு என்ன தெரியும் என்பதைப் பொறுத்ததில்லை. எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு ‘எது’ என்று தெரியுமா என்பதைப் பொறுத்தது. (இந்த அ, அன், த மூன்றுக்கும் இலக்கணத்தில் ஆர்ட்டிகிள் என்று பெயர். ஆர்ட்டிகிள் என்று ஆரம்பித்தாலே பிள்ளைகள் ‘எந்த ஆர்ட்டிகிள் நம்பர் மேடம்?’ என்று கேட்பார்கள். ஐரோப்பிய பையர்கள் பலர் ஸ்டைலுக்கு, அதாவது ஒவ்வொரு உடை மாடலுக்கும், ஆர்ட்டிகிள் என்றுதான் பெயர் வைத்திருக்கிறார்கள். அதுவும் ஒரு தொல்லை.)

நான் பன்னிரண்டாவது வரைக்கும் தமிழ் மீடியம். தமிழில் ஆர்ட்டிகிள் கிடையாது, அதனால்தான் நமக்கு வராது என்று பல வருஷம் நானே நம்பிக்கொண்டிருந்தேன். அது பாதிதான் உண்மை. ‘நூல் வாங்கினேன்’ என்பதற்கும் ‘நூலை வாங்கினேன்’ என்பதற்கும் என்ன வித்தியாசம்? முதலாவது, ஏதோ நூல். இரண்டாவதைக் கேட்டதும், நேற்றுப் பேசிக்கொண்டிருந்தோமே அந்த நூல் என்று காதில் விழுகிறது. இந்த ‘ஐ’ செய்கிற வேலையைத்தான் இங்கிலீஷில் ‘த’ செய்கிறது. ‘வீ சென்ட் அ சாம்பிள்’ என்றால் சாம்பிள் அனுப்பினோம். ‘வீ சென்ட் த சாம்பிள்’ என்றால் சாம்பிளை அனுப்பினோம். சந்தேகம் வந்தால் வாக்கியத்தை மனசுக்குள் தமிழில் சொல்லிப் பாருங்கள். ‘ஐ’யோ ‘அந்த’வோ தானாக வந்து ஒட்டினால் ‘த’. ‘ஒரு’ வந்தால் ‘அ’. மனுஷர்களுக்கு மட்டும் இந்த ‘ஐ’ சோதனை உதவாது. எந்த டெய்லரைப் பார்த்தாலும் ‘டெய்லரை’ என்றுதானே சொல்கிறோம். அங்கே ‘அந்த’வை வைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

இது வெறும் குறுக்குவழியும் இல்லை. ‘அ’வும் ‘அன்’னும் பழைய இங்கிலீஷில் ஒன்று என்பதற்கு இருந்த சொல்லிலிருந்து தேய்ந்து வந்தவை. ‘த’வோ அந்த, அது என்று சுட்டுகிற சொற்களின் குடும்பம். நம் ஒருவும் அந்தவும்தான், வேறு சட்டை போட்டிருக்கின்றன.

அப்படியானால் பிரசன்டேஷனில் வரிசை எப்படி இருக்க வேண்டும்? புதிதாக ஒன்றை மேசையில் வைக்கும்போது அ. வைத்த பிறகு அதையே எடுத்துப் பேசும்போது த. ‘வீ ஆர் ப்ரொபோசிங் அ நியூ ஃபேப்ரிக். த ஃபேப்ரிக் இஸ் லைட்டர்.’ திரையில் எல்லோர் கண்ணுக்கும் தெரிகிற பொருளுக்கு அறிமுகமே வேண்டாம், நேராக த: ‘ஆஸ் யூ கேன் சீ ஃப்ரம் த சார்ட்’, ‘ஆன் த லெஃப்ட்’, ‘அட் த பாட்டம்’, ‘ஆன் த நெக்ஸ்ட் ஸ்லைடு’. ஆனால் எண் வந்துவிட்டால் த கிடையாது. ‘ஆன் ஸ்லைடு ஃபைவ்’, ‘ஆன் பேஜ் த்ரீ’. எண்ணே அடையாளம் காட்டிவிடுகிறதே.

ஆரம்பத்திலேயே நம் ஆட்கள் பத்தில் எட்டுப் பேர் சறுக்குகிற இடம் ஒன்று உண்டு: ‘த டுடேஸ் அஜெண்டா’. ‘டுடேஸ் அஜெண்டா’ என்று மட்டும் சொல்லுங்கள், இல்லாவிட்டால் ‘தி அஜெண்டா ஃபார் டுடே’. டுடேஸ், அவர் (our), யுவர், மை என்று யாருடையது, எப்போதையது என்று முன்னால் ஒரு சொல் வந்துவிட்டால் அந்த நாற்காலியில் வேறு யாரும் உட்கார முடியாது. ‘த அவர் ஃபேக்டரி’ என்று யாரும் சொல்வதில்லை, ‘த டுடேஸ்’ மட்டும் எப்படியோ நாக்கில் ஒட்டிக்கொண்டது.

சரி, இப்போது அ, அன். பள்ளிக்கூடத்தில் ஏ, ஈ, ஐ, ஓ, யூ என்று ஐந்து எழுத்தை மனப்பாடம் செய்தோம். அதை மறந்துவிடலாம். எழுத்தைக் கண்ணால் பார்க்காதீர்கள், ஒலியைக் காதால் கேளுங்கள். நமக்கு இது புதிதும் இல்லை: ஒரு வீடு, ஓர் ஊர். அதே கணக்கு. அடுத்து வரும் சொல் உயிர் ஒலியில் தொடங்கினால் அன். கவனிக்க வேண்டியது ‘அடுத்த சொல்’லை. ‘லெட் மி ஸ்டார்ட் வித் அன் ஓவர்வியூ’ என்பது சரி. நடுவில் ‘க்விக்’ நுழைந்தால் ‘அ க்விக் ஓவர்வியூ’.

எங்கள் தொழிலில் பாதிப் பேச்சு சுருக்கெழுத்திலேயே நடக்கும். மாட்டிக்கொள்வதும் அங்கேதான். பிஓ (பர்ச்சேஸ் ஆர்டர்) என்றால் ‘அ பிஓ’. எஃப்ஓபி விலை (கப்பலில் ஏற்றுவது வரைக்குமான விலை), எழுத்து எழுத்தாகச் சொல்லும்போது ‘எஃப்’ என்று தொடங்குவதால் ‘அன் எஃப்ஓபி ப்ரைஸ்’. அதே மாதிரி ‘அன் எம்ஓக்யூ’ (குறைந்தபட்ச ஆர்டர் அளவு), ‘அன் எல்சி’ (பணத்துக்கு வங்கி தருகிற உறுதிக் கடிதம்), ‘அன் எஸ்கேயூ’ (ஒவ்வொரு சரக்கு வகைக்கும் உள்ள குறியீடு), ‘அன் ஏக்யூஎல் ஆஃப் 2.5’ (இன்ஸ்பெக்ஷனில் ஏற்கிற குறைகளின் வரம்பு). ‘அ யூகே பையர்’ என்போம், ஆனால் ‘அன் ஈயூ (ஐரோப்பிய ஒன்றியம்) பையர்’. அதே பையரை யூரோப்பியன் என்று சொன்னால் ‘அ யூரோப்பியன் பையர்’. எச்எஸ் கோடுக்கு (சுங்கத்தில் சரக்கை வகைப்படுத்துகிற எண்) ‘அன் எய்ச்எஸ் கோடு’. நம்மில் பலர் அந்த எழுத்தை ‘ஹெச்’ என்று சொல்வதால் ‘அ’ போட்டுவிடுகிறோம்.

எண்களில் 8, 11, 18, அப்புறம் 80-லிருந்து 89 வரை எல்லாவற்றுக்கும் அன். ‘அன் எய்ட் பர்சென்ட் இன்க்ரீஸ்’, ‘அன் எய்ட்டீன் பர்சென்ட் ட்ராப்’. 1 மட்டும் ஏமாற்றும். தமிழில் ‘ஒன்’ என்று எழுதுகிறோம், உயிர் என்று தோன்றும். வாயில் வருவது ‘வன்’. ஆகவே ‘அ ஒன் பர்சென்ட் டிஃபரன்ஸ்’, ‘அ ஒன் டைம் சார்ஜ்’.

இதில் நமக்கென்றே ஒரு தொல்லை இருக்கிறது. பேசும்போது நாம் ‘எல்லாம்’ என்பதை ‘யெல்லாம்’ என்றும், ‘ஒண்ணு’ என்பதை ‘வொண்ணு’ என்றும் இழுக்கிறோம். அந்தப் பழக்கத்தில் ‘ஈமெயில்’ என்பது ‘யீமெயில்’ ஆகும், ‘ஆர்டர்’ சில வாய்களில் ‘வார்டர்’ ஆகும். அப்படி ஆன பிறகு ‘அன்’ எப்படி வரும்? எங்கள் ஆபீசில் ஒரு பையன், எத்தனை தடவை திருத்தினாலும் ‘அ யீமெயில்’தான். கடைசியில் ‘அனீமெயில்’, ‘அனார்டர்’ என்று ஒரே சொல்லாக ஒட்டிச் சொல்லச் சொன்னேன். ஒரே வாரத்தில் சரியாகிவிட்டது. இங்கிலீஷ்காரர்களே அந்த ஒட்டலில் குழம்பியவர்கள்தான். ஏப்ரன் என்கிறோமே, அது ஒரு காலத்தில் ‘நேப்ரன்’. ‘அ நேப்ரன்’ என்றதை ‘அன் ஏப்ரன்’ என்று பிரித்துப் பிரித்து ‘ந’வையே தொலைத்துவிட்டார்கள்.

‘த’வுக்கும் இரண்டு ஒலி. மெய் முன்னால் த, உயிர் முன்னால் தி: ‘த சார்ட்’, ‘தி ஆர்டர்’. எழுத்து ஒன்றுதான். எந்த ஒலியானாலும் அழுத்தாமல் மெலிதாகச் சொல்லுங்கள். ‘ஏ’ சாம்பிள் என்று நீட்டிச் சொன்னால், பையர் ஏ சாம்பிள், பி சாம்பிள் என்று எழுதிக்கொள்வார். எனக்கு நடந்திருக்கிறது.

அடுத்து, ஸ்லைடில் இருப்பதை அப்படியே படிக்கும் பழக்கம். என் பார்வையில் பாதித் தவறுகளுக்கு வேர் இதுதான். ஸ்லைடில் ‘இன்க்ரீஸ் இன் யார்ன் ப்ரைஸ்’ என்று எழுதுவது தப்பில்லை. தலைப்பிலும் புள்ளி வரிகளிலும் ஆர்ட்டிகிளைக் கழற்றி வைப்பது வழக்கம்தான், செய்தித்தாள் தலைப்பு மாதிரி. வாயில் சொல்லும்போது முழு வாக்கியம் வேண்டும்: ‘தேர் ஹேஸ் பீன் அன் இன்க்ரீஸ் இன் யார்ன் ப்ரைசஸ்’. அதையே இரண்டாவது முறை குறிப்பிடும்போது ‘தி இன்க்ரீஸ்’. நான் ஸ்லைடுக்குக் கீழே இருக்கிற நோட்ஸ் பகுதியில் பேச வேண்டிய வாக்கியத்தை முழுசாகத் தட்டச்சு செய்துவிடுவேன். மேலே எலும்பு, கீழே சதை.

எண்ண முடியாத சொற்களுக்கு அ ஒட்டாது. ஃபீட்பேக், இன்ஃபர்மேஷன், எக்விப்மென்ட், மெஷினரி, ப்ராக்ரஸ், அட்வைஸ். ‘வீ காட் அ குட் ஃபீட்பேக்’ என்று திருப்பூரில் ஒரு நாளைக்கு எத்தனை பேர் சொல்கிறார்களோ! ‘வீ காட் குட் ஃபீட்பேக்’, அவ்வளவுதான். ‘அ ஃபீட்பேக்’ என்பது ‘ஒரு மணல்’ என்பது மாதிரி.

ஒரு சின்ன ‘அ’ அர்த்தத்தையே தலைகீழாக்கும் இடமும் உண்டு. ‘வீ ஹேட் ஃப்யூ ரிஜெக்ஷன்ஸ்’ என்றால் ரிஜெக்ஷன் இல்லை என்றே சொல்லலாம், பெருமைப்படுகிற வாக்கியம். ‘வீ ஹேட் அ ஃப்யூ ரிஜெக்ஷன்ஸ்’ என்றால் கொஞ்சம் இருந்தது என்று ஒப்புக்கொள்கிற வாக்கியம். இன்ஸ்பெக்ஷன் ரிப்போர்ட்டைப் பற்றிப் பேசும்போது இரண்டையும் மாற்றிவிட்டால் அடுத்த அரை மணி நேரம் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். ‘அ நம்பர் ஆஃப் ஸ்டைல்ஸ் ஆர் டிலேய்ட்’ என்றால் பல ஸ்டைல் தாமதம். ‘த நம்பர் ஆஃப் ஸ்டைல்ஸ் இஸ் 24’ என்றால் எண்ணிக்கை 24. முன்னதற்கு ஆர், பின்னதற்கு இஸ்.

‘லாஸ்ட் மந்த்’ என்றால் போன மாதம். ஜூன் 20 அன்று பேசினால் அது மே. ‘ஓவர் த லாஸ்ட் மந்த்’ என்றால் இன்று வரைக்குமான கடந்த முப்பது நாள். ஷிப்மென்ட் கணக்கில் இரண்டும் ஒரே எண்ணைத் தராது. நாளைக்கு 5,000 பீஸ் என்பதில் வரும் ‘நாளைக்கு’, இங்கிலீஷில் வெறும் அ: ‘5,000 பீசஸ் அ டே’. ‘பர் டே’ என்றும் சொல்லலாம், ஆனால் வாய்ப்பேச்சில் அ இயல்பாக இருக்கும்.

நாடுகளில் ‘த யூஎஸ்’, ‘த யூகே’, ‘த நெதர்லாந்ட்ஸ்’. ஜெர்மனி, பிரான்ஸ், ஸ்பெயினுக்கு எதுவும் வேண்டாம். அந்த அம்மாவிடம் நான் அவர் ஊருக்கு ‘த’ போடாமலும் பேசியிருந்தேன் என்பது பல வருஷம் கழித்துத்தான் தெரிந்தது.

காரணம் கேட்காமல் மனப்பாடம் செய்ய வேண்டியவையும் இருக்கின்றன. ஆன் டைம், இன் அட்வான்ஸ், இன் பல்க், ஆன் ஆவரேஜ், இன் டீட்டெய்ல், இன் கன்க்ளூஷன், இவற்றில் ஆர்ட்டிகிள் இல்லை. ‘ஆஸ் அ ரிசல்ட்’, ‘அட் த மொமென்ட்’, ‘ஆன் த ஹோல்’, ‘இன் த மீன்டைம்’, இவற்றில் உண்டு. ஏன் என்று எனக்குள் நிறைய சண்டை போட்டுப் பார்த்தேன். பிரயோஜனமில்லை. ஒரு அட்டையில் எழுதி கம்ப்யூட்டர் ஓரத்தில் ஒட்டிக்கொண்டேன். ‘ஒன் ஆஃப் த’ என்று ஆரம்பித்தால் பின்னால் பன்மை வர வேண்டும் என்பதையும் அதே அட்டையில் சேர்த்துக்கொள்ளலாம். ‘ஒன் ஆஃப் த பெஸ்ட் சப்ளையர்ஸ்’. நம் ஆட்கள் அந்த கடைசி ‘ஸ்’ஸை விழுங்கிவிடுவார்கள்.

பிரசன்டேஷனுக்கு முதல் நாள் நான் செய்வது இதுதான். நோட்ஸை பிரின்ட் எடுத்து, ஒவ்வொரு பெயர்ச்சொல்லுக்கும் அடியில் சிவப்புப் பேனாவால் ஒரு கோடு. கோடு கோடாக நிறுத்தி, பையருக்கு இது எது என்று இந்த நிமிஷத்தில் தெரியுமா என்று கேட்டுக்கொள்வேன். தெரியும் என்றால் த. தெரியாது, ஒன்றுதான், எண்ணலாம் என்றால் அ. எண்ண முடியாதது, பொதுவாகச் சொல்கிற பன்மை என்றால் சும்மா விட்டுவிடுவேன். பிறகு போனில் பதிவு செய்து, மறுநாள் காலையில் பஸ்ஸில் கேட்பேன். கண் மன்னித்துவிட்டதைக் காது பிடித்துவிடும். சந்தேகத்துக்கு எல்லாவற்றிலும் ‘த’வைத் தூவுகிற வேலை மட்டும் வேண்டாம். விடுபட்ட ஆர்ட்டிகிளைக் கேட்பவர் தானே நிரப்பிக்கொள்வார், தேவையில்லாத ‘த’ வந்தால் ‘எது?’ என்று தேட ஆரம்பித்துவிடுவார்.

முடிக்கும்போது ‘தட் பிரிங்ஸ் மி டு தி எண்ட் ஆஃப் மை பிரசன்டேஷன்’. அப்புறம் கேள்விகள். ‘டூ யூ ஹேவ் எனி டவுட்ஸ்?’ என்று கேட்காதீர்கள். டவுட் என்றால் அவர்களுக்கு அவநம்பிக்கை. ‘க்வெஸ்டின்ஸ்’ என்று கேளுங்கள். பதில் தெரியாத கேள்வி ஒன்று கட்டாயம் வரும். அதற்கு என்னிடம் ஒரு வாக்கியம் தயாராக இருக்கிறது. த, தி இரண்டும் அதில் இருப்பதால் பிள்ளைகளுக்கும் அதையே பயிற்சிக்குக் கொடுக்கிறேன், பத்துத் தடவை வேகமாகச் சொல்லிப் பார்க்கலாம்: ‘ஐ டோன்ட் ஹேவ் தி எக்ஸாக்ட் ஃபிகர். ஐ வில் கெட் பேக் டு யூ பை தி எண்ட் ஆஃப் த டே.’